பழைய சான் ஹுவான்: கடல் வாசலில் தொடங்கும் இரண்டு நாள்

முதன்முறை, கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானின் பழைய பகுதிக்குப் போனபோது, கப்பல்துறைக்குப் பக்கத்தில் டாக்சியை விட்டு இறங்கி, கண்ணெதிரே தெரிந்த கடைத்தெருவில் ஏறினோம். மணி பத்தரை. கடை கடையாக நின்று பார்த்துவிட்டு எல் மோரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். கோட்டை வாசலுக்கு முன்னால் பரந்து கிடக்கும் புல்வெளியில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. அம்மா பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். கோட்டையைப் பார்த்தோம் என்று பெயருக்குச் சொல்லிக்கொள்ளலாம். மனத்தில் எதுவும் தங்கவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு முறை போயிருக்கிறேன். இந்த நகரத்துக்கு முகம் கடலைப் பார்த்துத்தான் இருக்கிறது. நானூறு ஆண்டுகளாக இங்கே வந்த ஆளுநரும் மாலுமியும் கொள்ளைக்காரனும் கப்பலில்தான் வந்தார்கள். அவர்களை வரவேற்கவோ விரட்டவோ எழுப்பியவைதான் இங்கே நாம் பார்க்கும் பெரும்பாலானவை. ஆகவே அவர்கள் பார்த்த வரிசையில் பார்த்தால்தான் இந்த ஊர் புரிகிறது. கீழே உள்ள வழி அந்த வரிசையில் அமைந்தது. இரண்டு முழு நாட்கள் வேண்டும். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் முதல் நாள் பகுதியை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம்.

புறப்படுவதற்கு முன்

புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சிப் பகுதி. இந்திய பாஸ்போர்ட்டில் நேராக வருகிறவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். அமெரிக்காவில் வேலைக்கோ படிப்புக்கோ வந்து இருப்பவர்களுக்கு இது உள்நாட்டுப் பயணம்தான். நியூயார்க்கிலிருந்தோ டாலஸிலிருந்தோ ஏறினால் சான் ஹுவானில் இறங்கும்போது குடிநுழைவு வரிசை இருக்காது. ஆனாலும் பாஸ்போர்ட்டையும் விசா நிலையைக் காட்டும் தாள்களையும் கையோடு எடுத்துப் போங்கள். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் அதிகாரிகள் கேட்கலாம். வேறு தீவு நாடுகளுக்கும் போகும் சுற்றுலாக் கப்பலில் வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் ஒவ்வொரு நாட்டின் விசா விதியையும், அமெரிக்காவுக்குள் மறுபடி நுழையும் விதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பணம் அமெரிக்க டாலர். மின்செருகியும் அமெரிக்காவில் உள்ளதுதான், தட்டையான இரண்டு முனை. ஆண்டு முழுவதும் நேரம் மாறாது. இந்தியாவைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். விலைப்பட்டியலில் போட்டிருக்கும் தொகைக்கு மேல் 11.5 சதவீத விற்பனை வரி சேரும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. மழை குறைவு, கடல் காற்று ஓயாமல் வீசும். ஜூன் முதல் தேதியிலிருந்து நவம்பர் முடிய புயல் காலம். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் இந்தத் தீவைக் கடந்தபோது மின்சாரமே இல்லாமல் மக்கள் மாதக்கணக்கில் தவித்தார்கள். அந்தப் பேச்சு இன்னும் ஊரில் இருக்கிறது. புயல் காலத்தில்தான் விடுமுறை கிடைக்கிறது என்றால், பணத்தைத் திரும்பப் பெறக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். ஜனவரி மூன்றாம் வாரக் கடைசியில் சான் செபாஸ்டியன் தெருத் திருவிழா நடக்கும். கொண்டாட்டத்தைப் பார்க்க அது நல்ல நேரம், ஊரைப் பார்க்க அல்ல. கோட்டைக்குப் போகும் தெருக்களில் காலெடுத்து வைக்க இடம் இருக்காது.

தங்குவதும் வந்து சேர்வதும்

கடற்கரை விடுதிகள் காண்டாடோ, இஸ்லா வெர்தே பகுதிகளில் இருக்கின்றன. கடல் குளியல் முக்கியமென்றால் அங்கே தங்கலாம். நகரத்தைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஒரு இரவாவது பழைய நகரத்தைச் சூழ்ந்த மதிலுக்கு உள்ளே தங்குங்கள். மாலையில் கப்பல் பயணிகள் திரும்பிப் போன பிறகு தெருக்கள் அடங்கிவிடும். உள்முற்றங்களிலிருந்து கொக்கீ என்ற கட்டைவிரல் அளவுகூட இல்லாத சிறு தவளைகள் தன் பெயரையே சொல்வதுபோல் இரண்டு சுரங்களில் கூவத் தொடங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் திரும்பாதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்குப் போக்குவரத்து நெரிசல் இல்லாவிட்டால் டாக்சியில் அரை மணி நேரத்துக்குள்தான். வாடகைக் கார் எடுக்க வேண்டாம். தெருக்கள் குறுகல், நிறுத்த இடம் கிடைப்பது கடினம், பார்க்க வேண்டிய எல்லாமே நடக்கும் தூரத்தில். ஆனால் காலணியில் கவனம் வையுங்கள். தெருக்களில் பாவியிருக்கும் நீலக்கற்கள் கல்லே அல்ல; இரும்பு உருக்கும் உலையின் கசடை வார்த்துச் செய்த கட்டிகள். அதோகீன் என்று சொல்கிறார்கள். மழை பெய்து நனைந்ததும் அந்த நீலம் பளிச்சென்று எழும், அதே நேரத்தில் கால் வழுக்கும். அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும் மூடிய காலணி போதும். செருப்போடு வந்தால் சாயங்காலத்துக்குள் கணுக்கால் வலி வந்துவிடும்.

முதல் நாள் காலை: மதிலுக்கு வெளியே

ஏழரை மணிக்குள் கிளம்பிவிடுங்கள். துறைமுகப் பக்கத்திலிருந்து பசேயோ தெ லா பிரின்சேசா என்ற மரங்கள் சூழ்ந்த நடைபாதையில் நுழையுங்கள். இடது பக்கம் விரிகுடா, வலது பக்கம் மதில். வழியில் வரும் வெளிறிய நீளக் கட்டடம் 1837இல் கட்டிய சிறைச்சாலை. பாதை முடியும் இடத்தில் வெண்கலச் சிலைகளோடு ஒரு நீரூற்று இருக்கிறது. தைனோ பழங்குடியினர், ஆப்பிரிக்கர், ஸ்பானியர் என்று இந்தத் தீவின் மூன்று வேர்களைக் காட்டுவது. ராயிசெஸ், அதாவது வேர்கள் என்பதே அதன் பெயர்.

அங்கிருந்து வலது பக்கம் திரும்பி மதிலை ஒட்டியே நடங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். மதிலை அண்ணாந்து பாருங்கள்: அடியில் அகன்று, மேலே போகப்போக உள்நோக்கிச் சாய்கிறது. மணற்கல்லால் வெளிச்சுவர் ஒன்று, உள்சுவர் ஒன்று. இடையில் மண்ணும் மணலும் கல்லும் இட்டு நிரப்பியது. பீரங்கிக் குண்டு பட்டால் கருங்கல் சிதறும், இந்த மென்கல் குண்டை உள்வாங்கிக்கொள்ளும். மதிலின் மூலைகளில் தொங்குவதுபோல் நிற்கும் உருண்டையான காவல் கூண்டுகளுக்கு கரீட்டா என்று பெயர். புவேர்ட்டோ ரிக்கோவுக்காக 2009இல் வெளியான கால் டாலர் நாணயத்தில் இருப்பது இதே கூண்டுதான்.

தலைக்கு மேலே தெரியும் மாளிகை லா ஃபோர்ட்டலேசா. 1533இல் இதைக் கட்டத் தொடங்கியபோது முதல் கோட்டையாகத்தான் தொடங்கினார்கள். ஆனால் விரிகுடாவின் உள்ளே தள்ளி இருப்பதால், எதிரிக் கப்பல் நுழைவதைத் தடுக்க இது உதவாது என்று விரைவிலேயே தெரிந்தது. அதனால்தான் 1539இல் விரிகுடா வாயின் முனையில் எல் மோரோவை எழுப்ப ஆரம்பித்தார்கள். ஃபோர்ட்டலேசா ஆளுநர் மாளிகையாக மாறியது. இன்றைக்கும் ஆளுநரின் அதிகாரபூர்வ இல்லம் அதுதான்.

இன்னும் சில நிமிடம் நடந்தால் மதிலைத் துளைத்துக்கொண்டு நிற்கும் செந்நிற வாசல் வரும். சான் ஹுவான் வாசல். 1630களில் மதில் எழும்பியபோது அமைத்தது. கடலில் வந்தவர்கள் கரையேறி நகருக்குள் நுழைந்த இடம் இதுதான். மேலே இலத்தீனில் ஒரு வரி செதுக்கியிருக்கிறது: ‘ஆண்டவர் பெயரால் வருபவர் ஆசி பெற்றவர்.’ மாதக்கணக்கில் கடலில் அலைந்து உயிரோடு வந்து சேர்ந்தவன் முதலில் வாசிக்கும் வாக்கியம் அது. அந்த வாசலுக்கு வெளியே ஐந்து நிமிடம் நின்றுவிட்டு உள்ளே போங்கள்.

உள்ளே போவதற்கு முன் ஒரு விஷயம். வாசலைப் பார்த்து வெளியே நின்றால் இடது பக்கமாக, கடலோரத்தில் மதிலின் அடியைச் சுற்றிக்கொண்டு எல் மோரோவின் காலடி வரை ஒரு நடைபாதை போகிறது. போய் வர இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நல்ல பாதை. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து கோட்டைக்குள் ஏற வழி கிடையாது, வந்த வழியே திரும்ப வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் சிறு குழந்தைகளோடு வருகிறவர்களும் பாதி தூரம் போய்த் திரும்பினால் போதும். மதிலின் உயரம் அதற்குள்ளேயே தெரிந்துவிடும்.

வாசலிலிருந்து பேராலயத்துக்கு

வாசலைக் கடந்ததும் மேலேறும் சிறு தெருவின் உச்சியில் பேராலயம் தெரியும். தெருவின் பெயர் கலேட்டா தெ சான் ஹுவான். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் நேராக இந்த ஏற்றத்தில் ஏறிப்போய் நன்றி சொல்லிவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பார்களாம். வாசலுக்கும் ஆலயத்துக்கும் இடையே தெரு இப்படி நேராக இருப்பதன் பொருள், நடந்து பார்த்தால்தான் உறைக்கிறது.

இந்தத் தெருவிலேயே ஒரு பெண்ணின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. ஃபெலிசா ரின்கோன் தெ கௌத்தியெர். 1946 முதல் 1969 தொடக்கம் வரை சான் ஹுவானின் மேயராக இருந்தவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 1950களின் தொடக்கத்தில், பனியையே பார்த்திராத தன் ஊர்க் குழந்தைகள் விளையாடுவதற்காக விமானத்தில் பனி வரவழைத்தார். ஊரார் இன்றும் அவரை தோன்யா ஃபேலா என்று அன்போடு அழைக்கிறார்கள்.

பேராலயத்துக்குள் வெண்பளிங்குக் கல்லறை ஒன்றில் ஹுவான் போன்சே தெ லேயோன் துயில்கிறார். 1508இல் இந்தத் தீவில் முதல் ஸ்பானியக் குடியேற்றத்தைத் தொடங்கியவர். அந்தக் குடியேற்றம் உள்நாட்டில், சதுப்பு நிலத்தில் இருந்தது. 1521 வாக்கில் காற்றோட்டமான இந்தத் திட்டுக்கு மாற்றினார்கள். அதே ஆண்டில் ஃபுளோரிடாவில் அம்புக்காயம் பட்டு, கியூபாவில் அவர் இறந்தார். அவரை இங்கே வீரராகக் கொண்டாடும் சிலைகள் உண்டு. தைனோ மக்கள் தங்கச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் வதைபட்டு, ஒரு தலைமுறைக்குள் பெரும்பகுதி அழிந்ததும் அவர் தொடங்கிய ஆட்சியில்தான். கல்லறை முன் நிற்கும்போது இரண்டையும் நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

எல் மோரோ

கோட்டை காலை ஒன்பதரை வாக்கில் திறக்கும், மாலை நான்கரை வாக்கில் மூடிவிடும். போவதற்கு முன் நேரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த உடனே உள்ளே இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு 10 டாலர், 15 வயது வரை கட்டணம் இல்லை. அந்த டிக்கெட் 24 மணி நேரத்துக்குச் செல்லும். சான் கிறிஸ்தோபல் கோட்டைக்கும் அதுவே போதும். அதனால் முதல் நாள் வாங்கிய டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்து, மறுநாள் காலை நேரம் தாண்டுவதற்குள் அடுத்த கோட்டைக்குள் நுழைந்துவிடுங்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் ஆண்டு அட்டை இருந்தால் அதுவும் செல்லும். பணம் செலுத்த வங்கி அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். குடிநீர், தொப்பி இரண்டும் கட்டாயம். டிரோன் பறக்கவிட அனுமதி இல்லை.

அந்தப் பெரும் புல்வெளியைக் கடக்கும்போது, அது ஏன் வெறுமையாக இருக்கிறது என்று யோசியுங்கள். நிலவழியாக வரும் எதிரிக்கு ஒளிய ஒரு புதர்கூட இருக்கக் கூடாது என்று வைத்த வெளி அது. என் அம்மா களைத்து உட்கார்ந்த அந்த நிழலற்ற தரை, மனிதருக்கு ஒதுங்க இடம் தராமல் இருக்கவே உருவானது என்பது எனக்கு மூன்றாம் முறைதான் தெரிந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து அங்கே பட்டம் விடுகிறார்கள். பட்டத்துக்கு இங்கே சிரிங்கா என்று பெயர். காற்று ஒருநாளும் ஏமாற்றாது; குழந்தைகள் இருந்தால் ஒன்று வாங்கிக் கொடுங்கள், வெயில் தாழ்ந்த பிறகு.

அகழிமேல் உள்ள பாலத்தைக் கடந்தால் மேல்தளம். இங்கிருந்து பார்க்கும்போது கோட்டை தட்டையாகத் தெரியும். உண்மையில் அது கடலை நோக்கி ஆறு அடுக்குகளாக இறங்குகிறது. உச்சி கடல் மட்டத்திலிருந்து 140 அடி. சரிவுப் பாதைகள் வழியாகக் கீழே இறங்குங்கள். பீரங்கிகளை இழுத்துச் சென்ற பாதை அவை. கீழே போகப்போக அலைச் சத்தம் பெரிதாகும், கல் பழையதாகும். மிகக் கீழே இருப்பது 1539இல் தொடங்கிய கோபுரத்தின் மிச்சம். இறங்குவது எளிது, ஏறுவது வேறு. முதியவர்கள் மேலிரண்டு தளங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு கொத்தளத்தின் நிழலில் உட்கார்ந்து இந்த வரலாற்றை வரிசையாக நினைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு கோட்டைகளும் தாமாகவே விளங்கும். 1595இல் ஆங்கிலக் கடலோடி பிரான்சிஸ் டிரேக், நகரத்தில் பெருமளவு வெள்ளி இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கப்பற்படையோடு வந்தார். கடல் பக்கத்திலிருந்து தாக்கினார். எல் மோரோவின் பீரங்கிகள் விரட்டிவிட்டன. மூன்றே ஆண்டுகளில், 1598இல், கம்பர்லாந்து பிரபு வந்தார். டிரேக் செய்த தவற்றை அவர் செய்யவில்லை. கிழக்கே தள்ளிக் கரையிறங்கி, நிலவழியாக நடந்து வந்து முதுகுப் பக்கம் தாக்கினார். எல் மோரோ வீழ்ந்தது. ஆனால் வயிற்றுக்கடுப்பு அவருடைய படையை அரித்தது. நகரத்தைப் பிடித்தவர்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை. 1625இல் டச்சுக்காரர்கள் விரிகுடாவுக்குள்ளேயே புகுந்து நகரத்தைத் தீயிட்டார்கள். எல் மோரோவுக்குள் அடைபட்ட காவற்படை மட்டும் சரணடையவில்லை.

அந்தத் தீக்குப் பிறகுதான் நீங்கள் காலையில் ஒட்டி நடந்த மதில் எழுந்தது. கிழக்கே நிலவாயிலைக் காக்க சான் கிறிஸ்தோபல் எழுந்ததும் அதன் தொடர்ச்சி. செலவுக்கு மெக்சிகோவிலிருந்து வெள்ளி வந்தது. வேலை செய்தவர்களில் அடிமைகளும் கைதிகளும் இருந்தார்கள். கல்லில் அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

மேல்தளத்தில் மூன்று கொடிகள் பறக்கின்றன. அமெரிக்கக் கொடி, புவேர்ட்டோ ரிக்கோ கொடி, மூன்றாவதாகப் பழைய ஸ்பானியப் படையின் சிவப்புக் குறுக்குச் சிலுவைக் கொடி. 1898 போரில் ஸ்பெயின் இந்தத் தீவை அமெரிக்காவிடம் இழந்தது. 1917இல் மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. ஆனால் தீவில் வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. தனி நாடா, மாநிலமா, இப்போதுள்ள நிலையா என்பது இங்கே வீட்டுக்கு வீடு கொதிக்கும் பேச்சு. நீங்களாகத் தொடங்காதீர்கள். அவர்கள் தொடங்கினால் கேளுங்கள்.

கல்லறைத் தோட்டமும் லா பெர்லாவும்

கோட்டையிலிருந்து வெளியே வந்து இடது பக்கம் பார்த்தால், மதிலுக்கு வெளியே கடலை ஒட்டி வெள்ளைக் கல்லறைகள் தெரியும். 1863இல் தொடங்கிய இடுகாடு. தேசியவாதத் தலைவர் பேத்ரோ அல்பிசு கம்போஸ், இசையமைப்பாளர் ரஃபேல் எர்னாண்டஸ் ஆகியோர் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். உள்ளே போனால் சத்தமில்லாமல் இருங்கள். இன்றும் குடும்பங்கள் பூ வைக்க வருகிற இடம்.

அதை அடுத்து, மதிலுக்கும் அலைக்கும் நடுவே வண்ண வண்ணமாகத் தெரியும் குடியிருப்பு லா பெர்லா. ஒரு காலத்தில் நகருக்குள் குடியிருக்க இடம் தராத மக்கள், மதிலுக்கு வெளியே கால்நடை வெட்டும் கூடத்துக்கு அருகில் வாழத் தொடங்கிய இடம். மேலே நின்று அவர்கள் வீடுகளுக்குள் கேமராவை நீட்டுவது நாகரிகம் இல்லை. போக விரும்பினால் பகலில், அங்குள்ள யாரையாவது தெரிந்தவரோடு போங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

லூனா தெருவில் ஒரு பள்ளிக்கூடம்

திரும்பும் வழியில் பாயாஹா என்ற பழைய ஸ்பானியப் படைக்குடியிருப்பு இருக்கிறது, 1864இல் முடித்தது. பெரிய முற்றம், நல்ல நிழல், மாடியில் அமெரிக்கக் கண்டங்களின் அருங்காட்சியகம். அதை நிறுவியவர் தொல்லியலாளர் ரிக்கார்தோ அலெக்ரியா. பழைய வீடுகளை இடித்துப் புதிய கட்டடங்கள் எழுப்ப வேண்டும் என்ற பேச்சு வலுத்த காலத்தில், 1955இல் தொடங்கிய புவேர்ட்டோ ரிக்கோ பண்பாட்டு நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்து, வீடு வீடாகப் புதுப்பிக்க வைத்தவர் அவர். மஞ்சளும் நீலமுமாக இன்று நாம் படமெடுக்கும் தெருக்கள் நிற்பதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பக்கத்திலேயே 1532இல் தொடங்கிய சான் ஹோசே ஆலயம். நெடுங்காலம் மூடியிருந்து, பழுது பார்த்து 2021இல் மீண்டும் திறந்தார்கள். வளைவு விதானங்களைப் பார்ப்பதற்காகவே நுழையலாம். அடிமையாய் இருந்து தன்னை மீட்டுக்கொண்ட ஒருவரின் மகனான ஓவியர் ஹோசே கம்பேச்சே இங்கே அடக்கமாகியிருக்கிறார்.

இதையெல்லாம் வழிகாட்டிகள் சொல்லிவிடுவார்கள். லூனா தெருவை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே ரஃபேல் கோர்தேரோவின் வீடு இருக்கிறது. 1790இல் பிறந்த கறுப்பின மனிதர். பள்ளிக்கூடத்தில் அவருக்கு இடம் இல்லை. வீட்டிலேயே எழுதப் படிக்கக் கற்றார். புகையிலைச் சுருட்டு செய்து பிழைத்தார். அந்த வேலையைச் செய்துகொண்டே, எந்த நிறக் குழந்தை வந்தாலும் காசு வாங்காமல் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அவரிடம் படிக்க வந்தார்கள். ரோமான் பால்தோரியோத்தி தெ காஸ்த்ரோ, ஹோசே ஹுலியான் அகோஸ்தா ஆகியோர் அவர் மாணவர்கள். வளர்ந்த பிறகு அடிமை முறையை ஒழிக்கப் போராடியவர்கள். கோர்தேரோ 1868இல் இறந்தார். 1873 மார்ச் 22இல் இந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது. ஆசிரியர் அதைப் பார்க்கவில்லை, மாணவர்கள் பார்த்தார்கள். கோட்டைகளுக்குக் கொடுக்கும் நேரத்தில் கால் மணி நேரத்தை இந்தத் தெருவுக்குக் கொடுங்கள்.

சாப்பாடு

தீவின் அடையாள உணவு மொஃபோங்கோ. வறுத்த பச்சை வாழைக்காயைப் பூண்டும் எண்ணெயும் சேர்த்து பிலோன் என்ற மரக்கையுரலில் இடித்து உருட்டித் தருவார்கள். வழக்கமாகப் பன்றித் தோல் வறுவலும் சேரும். அசைவம் சாப்பிடாதவர்கள் ‘சின் கார்னே’ என்று சொல்லுங்கள், இறைச்சி இல்லாமல் என்று பொருள். அது மட்டும் போதாது. பன்றித் தொடை இறைச்சியைப் பலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ‘சின் ஹமோன்’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சிவப்புப் பயறும் சோறும் சைவமாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் அதிலும் ஹமோன் துண்டு கிடக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். தோஸ்தோன் என்ற இரண்டு முறை பொரித்த வாழைக்காய் வில்லைகள் பாதுகாப்பானவை.

கந்தூலே சோறு என்று ஒன்று உண்டு. கந்தூலே நம் துவரைதான்! பச்சைத் துவரையைப் பருப்பாக உடைக்காமல் முழுதாக அரிசியோடு வேகவைக்கிறார்கள். இந்தியாவிலிருந்து புறப்பட்ட பயிர் இந்தத் தீவின் கிறிஸ்துமஸ் உணவாகியிருக்கிறது. இதிலும் பன்றி இறைச்சி சேர்ப்பதே வழக்கம். சேர்க்காத கடையைத் தேடிச் சாப்பிட்டபோது வீட்டு நினைவு வந்தது.

காலையில் மயோர்க்கா என்ற சுருள் ரொட்டி, மேலே சர்க்கரைப் பொடி தூவியது, வெண்ணெய் தடவி வாட்டித் தருவார்கள், கூடவே மலைக்காபி. வெயில் நேரத்தில் தள்ளுவண்டியில் பனிக்கட்டியைச் சீவிக் கூம்புபோல் குவித்துப் பழப்பாகு ஊற்றித் தரும் பிராகுவா. பாகில் புளியும் உண்டு. தமரிந்தோ என்று கேளுங்கள். நுழையும்போது ‘புவேனோஸ் தியாஸ்’ என்று வணக்கம் சொல்லாமல் நேராகப் பொருளைக் கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. நீங்கள் சாப்பிடும்போது கடந்து போகிற முன்பின் தெரியாதவர்கூட ‘புவேன் ப்ரொவேச்சோ’ என்று வாழ்த்துவார். ‘கிராசியாஸ்’ என்று பதில் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள்: சான் கிறிஸ்தோபல்

டிக்கெட்டின் 24 மணி நேரம் முடிவதற்குள் வந்துவிட வேண்டும் என்று சொன்னேன். எல் மோரோவைவிட இங்கே கூட்டம் குறைவு, எனக்கு இதுவே அதிகம் பிடித்தது. 27 ஏக்கர், அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பெயின் கட்டிய கோட்டைகளிலேயே பெரியது. இப்போதுள்ள வடிவத்தைப் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாமஸ் ஓ’டாலி என்ற ஐரிஷ்காரர் ஸ்பானியப் பணியில் இருந்து வகுத்தார். ஒரு சுவரைப் பிடித்தால் அதைவிட உயரமான அடுத்த சுவரிலிருந்து குண்டு விழும்படி அடுக்கடுக்காக அமைத்திருக்கிறார்கள். 1797இல் ஆங்கிலேயர்கள் ஆபர்கிராம்பியின் தலைமையில் ஆயிரக்கணக்கான வீரர்களோடு கிழக்கே கரையிறங்கினார்கள். 1598இல் வென்ற அதே உத்தி. இந்த முறை நகரத்தை நெருங்கவே முடியாமல் இரண்டு வாரத்தில் திரும்பினார்கள்.

முற்றத்தின் அடியில் மழைநீர் சேமித்த ஐந்து பெரும் தொட்டிகள் இருக்கின்றன. முற்றுகையைத் தாங்கியது சுவர் மட்டுமில்லை, இந்தத் தண்ணீரும்தான். சுரங்கப் பாதைகளில் இறங்குங்கள். ஒரு நிலவறைச் சுவரில் கைதி ஒருவர் வரைந்த பாய்மரக் கப்பல்கள் மங்கலாகத் தெரியும். பாயும் கயிறும் ஒவ்வொன்றாகத் தெரிய, கப்பலை நன்கு அறிந்த கை வரைந்த கோடுகள். தொடாதீர்கள். மேலே கான்கிரீட்டில் தெரிவது இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை சேர்த்த கண்காணிப்பு நிலையம். அவ்வளவு பழைய கோட்டைக்கு அப்போதும் வேலை இருந்தது.

மாலையில், முடிந்தால், துறையிலிருந்து எதிர்க்கரையில் உள்ள கத்தான்யோவுக்குப் போகும் படகில் ஏறுங்கள். உள்ளூர் மக்கள் வேலைக்குப் போய்வரும் படகு, கட்டணம் மிகக் குறைவு. திரும்பி வரும்போது முன்பக்கம் நில்லுங்கள். மதிலும் ஃபோர்ட்டலேசாவும் மேலே பேராலயமும், கப்பலில் வந்தவர்கள் பார்த்த கோணத்திலேயே எழும்பி வரும்.

ஊருக்குத் திரும்பும்போது

அமெரிக்க நிலப்பகுதிக்குப் பறக்கிறவர்கள் விமான நிலையத்தில் பெட்டிகளை ஒப்படைக்கும் முன், விவசாயத் துறையின் சோதனை எந்திரத்தில் விட வேண்டும். இதற்குக் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பழப்பூச்சி பரவாமல் தடுப்பதற்கான விதி. மாம்பழத்துக்கும் முள்ளுச்சீத்தாவுக்கும் அனுமதி இல்லை. எடுத்துப் போனால் பறிமுதல்தான். தேங்காய், அன்னாசி போன்றவற்றைச் சோதித்துவிட்டு விடுவார்கள். வறுத்த காபிக்கொட்டைக்குத் தடை கிடையாது. மாம்பழம் வாங்கியிருந்தால் விடுதி அறையிலேயே புறப்படுவதற்கு முந்தின இரவு சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.